பைலட் சாப்பிடாத கறி

ஆகஸ்ட் 9

இந்த நோட்டு எங்கள் நாய் பைலட்டுக்காக மட்டும். டாக்டர் நஸ்ரின் எழுதச் சொன்னார். காலையில் என்ன தின்றது, மாலையில் என்ன தின்றது, எத்தனை முறை வெளிக்குப் போனது, எங்கெங்கே சொறிந்தது. மாதம் ஒரு முறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வேறு எதுவும் இதில் எழுதத் தேவையில்லை.

காலை: கோழி கிரேவி பாக்கெட், பாதி. மாலை: மீதிப் பாதி. கொஞ்ச நேரத்தில் வாந்தி. வெளிக்கு நான்கு முறை, தண்ணீராக. காதுக்குள்ளும் வயிற்றிலும் முன்னங்கால் விரலிடுக்குகளிலும் சிவப்பு. முதுகில் இரண்டு இடத்தில் முடி இல்லை.

எனக்கு டீ, பன்.

ஆகஸ்ட் 10

டாக்டர் சொன்னதை மறந்துபோகாமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

டாக்டர் நஸ்ரின் காயல்பட்டினத்துக்காரர். நிதானமானவர். பைலட்டின் வாயைத் திறந்து பார்த்தார். அதற்குப் பன்னிரண்டு வயது. கடைவாய்ப் பற்கள் போன வருஷமே போய்விட்டன. அதனால்தான் கடிக்கிற தீனி எதுவும் கொடுக்க முடியவில்லை. கூழாக, ஈரமாக இருப்பதுதான் இறங்கும்.

“மருந்து குடுத்தா அடங்குது, நிறுத்துனா திரும்ப வருது, இல்லையாம்மா?”

“ஆமா டாக்டர். ஆறு மாசமா இதே கததான்.”

“அப்ப சாப்பாடுதான். ஏதோ ஒண்ணு இவனுக்கு ஒத்துக்கல. பெரும்பாலும் ஏதாவது கறியாத்தான் இருக்கும். ரத்தம் எடுத்துப் பாத்து இதுதான்னு சொல்ல முடியாது. ஒரே வழிதான். இவன் பொறந்ததுல இருந்து சாப்பிட்டே இருக்காத ஒரு கறிய மட்டும் எட்டு வாரம் குடுக்கணும். வேற எதுவும் வாயில படக் கூடாது. ஒரு பிஸ்கட் கூட.”

அதற்கென்றே ஒரு டின் வருகிறதாம். அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். விலையைக் கேட்டதும் திறந்த கைப்பையை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரர் கபிரியேலின் பென்ஷனில் பாதிதான் எனக்கு வருகிறது. அதில் பாதி இந்த டின்னுக்கே போய்விடும்.

அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “வேற பாக்கெட்லயும் பண்ணலாம்மா. விலை கம்மியாவும் இருக்கு. ஆனா பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு ஒரு வரி விடாமப் படிக்கணும். முதல்ல இவன் எதைச் சாப்பிட்டதே இல்லைன்னு யோசிச்சிட்டு வாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கபிரியேல் வளர்த்த நாய் சாப்பிடாதது என்று ஒன்று இருக்குமா?

ஆகஸ்ட் 11

இருக்கிறதா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பைலட் வந்தது ஒரு தோணியில். கபிரியேல் துறைமுகத்தில் டக் படகில் என்ஜின் டிரைவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து உள்ளே கொண்டுவருகிற படகு அது. மாலத்தீவுக்கு வெங்காயம் கொண்டுபோய்த் திரும்பிய தோணி ஒன்றில் நாய் குட்டி போட்டிருந்தது. தோணிக்காரர்கள் ஒரு குட்டியை இவர் கையில் கொடுத்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பைக்குள் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தார். பையைத் திறந்தால் வெங்காய வாசனையோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“இது யாரு?” என்று கேட்டேன்.

“பைலட்டு. எவ்வளவு பெரிய கப்பலா இருந்தாலும் பைலட்டு ஏறுனாத்தான் துறைமுகத்துக்குள்ள வரும். இனிமே இவன் முன்னால வந்தாத்தான் நான் வீட்டுக்கு வருவேன்.”

அப்படியேதான் நடந்தது. வேலை முடிந்து அவர் வரும்போது தெருமுனையில் முதலில் வால் தெரியும், பிறகுதான் சைக்கிள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதும் இல்லை. அவர் தரையில் சம்மணமிட்டு உட்காருவார், பைலட் எதிரில் உட்காரும். பிசைந்த சோற்றில் ஒரு உருண்டை அவருக்கு, ஒரு உருண்டை அதற்கு. “நாய்க்கு இவ்வளவு காரமா?” என்று நான் கத்துவேன். “தூத்துக்குடி நாய்க்குக் காரம் இல்லாம எப்படி இறங்கும்?” என்பார். சாளை, சீலா, கணவாய், இறால், நண்டுக்கால். ஆட்டுக்குடல். மாட்டுக்கறி. அவித்த முட்டை. படகுத் தோழர் ஒருவர் வளர்த்த காடை, இன்னொருவர் வளர்த்த முயல். கிறிஸ்மஸுக்கு வான்கோழி. ஒரு வருஷம் வாத்து. அந்த வாத்தை வாங்கிச் சமைத்தது பக்கத்து வீட்டில், அவருடைய அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் கோழியும் அங்கேதான்.

அதை எழுத வேண்டியதில்லை.

கபிரியேல் போனபின் எனக்கு அடுப்பைப் பற்றவைக்கவே மனம் வருவதில்லை. பைலட்டுக்கு பாக்கெட் பழகியது அப்போதுதான். கோழி கிரேவிதான் இருப்பதில் விலை குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

இன்று வெளிக்கு மூன்று முறை. காதைத் தரையில் தேய்க்கிறது.

ஆகஸ்ட் 12

பன்றி!

பைலட் பன்றிக்கறி சாப்பிட்டதே இல்லை. ஏனென்றால் கபிரியேல் சாப்பிட்டதில்லை.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பு நடந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சமையல்காரன் சந்தோஷத்தில் டக் ஆட்களுக்கு ஒரு சட்டி நிறைய பன்றிக்கறி இறக்கிக் கொடுத்தானாம். இவர் ஆசை ஆசையாகத் தின்றிருக்கிறார். அன்றைக்குக் கடல் கொஞ்சம் மோசம். அந்தக் கப்பலைக் கரை சேர்ப்பதற்குள் உள்ளே போனது அத்தனையும் வெளியே. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். எங்கள் வீட்டு வாசலை அந்தக் கறி தாண்டவில்லை.

இந்தக் கதையை அவர் எனக்கு முதன்முதலில் சொன்னது போனில். நான் அப்போது உப்புக் கம்பெனியில் போன் எடுக்கிற வேலையில் இருந்தேன். துறைமுகத்து கேட்டிலிருந்து உப்புக் கப்பல் வந்தாயிற்று என்று சொல்லக் கூப்பிடுவார். சொல்ல வேண்டியது ஒரு வரிதான். அதற்குப் பிறகும் போனை வைக்க மாட்டார்.

டாக்டரிடம் கேட்டேன். “பிரமாதம்மா, பன்றி சரியா இருக்கும்” என்றார்.

ஆகஸ்ட் 14

பாளை ரோட்டில் செல்வின் கடை. நாய், பூனை, மீன், கிளி எல்லாவற்றுக்கும் தீனி விற்கிறான். பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போனேன். பாக்கெட்டின் பின்பக்க எழுத்து எறும்பை விடச் சின்னது.

“என்னக்கா, வைரமா பாக்கப் போறீங்க?” என்றான்.

முன்பக்கம் வாத்துப் படம் போட்ட பாக்கெட். பின்பக்கம் முதல் வரியிலேயே கோழி, அப்புறம் கோழி ஈரல், கடைசியில் எங்கேயோ நூற்றுக்கு நாலு பங்கு வாத்து. ஆடு என்று எழுதியிருந்ததிலும் கோழிச் சாறு. இன்னொன்றில் ‘இறைச்சி மற்றும் இறைச்சிப் பொருட்கள்’ என்று மட்டும் இருந்தது.

“எந்த இறைச்சிப்பா?”

“அது அவனுக்கே தெரியாதுக்கா. அன்னைக்கு எது கெடைக்கோ அதப் போடுவான்.”

பூனைக்கான சூரை மீன் டின் மலிவாக இருந்தது. அதுவும் ஆகாது. மீனைத்தான் பைலட் குட்டியிலிருந்தே தின்கிறதே. மேலும் பூனைத் தீனியை நாய்க்கு மாதக்கணக்கில் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கடையில் இருந்த ஈரத் தீனி அத்தனையையும் படித்துவிட்டேன். படிக்காதது கிளித் தீனி மட்டும்தான். செல்வினுக்கு என் மேல் இரக்கம் வந்ததோ பயம் வந்ததோ, நாலு இடத்துக்கு போன் போட்டான். கேரளாவில் யாரோ சின்ன அளவில் டப்பாவில் போடுகிறார்களாம். பன்றிக்கறி, பூசணி, தாது உப்பு. அவ்வளவுதான். லேபிளைப் போனில் படம் அனுப்பச் சொல்லி, பெரிதாக்கிப் படித்தேன். கோழி இல்லை, முட்டை இல்லை, மீன் எண்ணெய் இல்லை. விலை டாக்டர் காட்டிய டின்னில் பாதிக்கும் கீழே.

“வரவழைச்சிரவாக்கா?”

“வரவழை. ஆனா டப்பா வந்ததும் நான் ஒருக்கா படிச்சிட்டுத்தான் எடுப்பேன்.”

“தெரியும்க்கா” என்றான்.

ஆகஸ்ட் 18

டப்பா வந்தது. படித்தேன். சரிதான்.

இன்றிலிருந்து எட்டு வாரம். தட்டை வெந்நீரில் கழுவினேன். பழைய பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டேன். மாதாமாதம் கொடுக்கிற உண்ணி மாத்திரையில் கூட கோழி வாசனை சேர்க்கிறார்களாம். டாக்டர் அதை மாற்றி, கழுத்தில் சொட்டுகிற மருந்து கொடுத்திருக்கிறார். டப்பாவோடு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிசைந்து சேர்த்தால் வயிறும் நிறையும், டப்பாவும் கூட ஒரு வேளைக்கு வரும் என்றார்.

காலை: மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மாலை: அதேதான்.

ஆகஸ்ட் 19

சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும். கபிரியேல் மாதிரியே இதற்கும் இந்தக் கறி பிடிக்கவில்லையோ என்னவோ.

ஆகஸ்ட் 20

சாயங்காலம் ஒரு யோசனை தோன்றியது. அவர் உட்காருகிற இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. பைலட்டின் தட்டை எதிரில் வைத்தேன். நானும் ஒரு தட்டு வைத்துக்கொள்ள வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம் சோறு வடித்து, ரசம் வைத்தேன். சும்மா பாவனைக்குத்தான். நான் ஒரு வாய் எடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான். இன்னொரு வாய் எடுத்தேன். அவன் எழுந்து வந்து தன் தட்டில் வாய் வைத்தான்.

முழுவதும் சாப்பிட்டான். வடித்த சோற்றை வீணாக்க வேண்டாமே என்று நானும் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 23

இரண்டு வேளையும் சுத்தமாகச் சாப்பிட்டான். வாந்தி இல்லை. வெளிக்கு இரண்டு முறை, கெட்டியாக. காது மட்டும் சிவப்பு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை: நன்றாகச் சாப்பிட்டான். மதியம் கொல்லைப்பக்கம் போய் வெகு நேரம் கழித்து வந்தான். எங்கே போனான் என்று கவனிக்கவில்லை. மாலை: பசியில்லை.

ஆகஸ்ட் 25

வாந்தி. வெளிக்கு நான்கு முறை. முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிவிட்டான்.

ஆகஸ்ட் 30

மூன்று நாளாகப் பரவாயில்லை. தெருமுனை வரை நடந்தோம். முன்னால் போய் நின்று நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கிறான்.

செப்டம்பர் 1

மறுபடியும் மோசம். வயிறு முழுவதும் சிவப்பு. நக்காமல் இருக்கக் கழுத்தில் துணிப்பட்டை கட்டியிருக்கிறேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

செப்டம்பர் 6

டாக்டரிடம் இந்த நோட்டைக் கொடுத்தேன். பன்றிக் கதை, போன் கதையெல்லாம் இதில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

“அம்மா, வாரக் கடைசியில நல்லாத்தான் இருக்கான். திங்கக்கிழமை ஆனா விழுந்துடுறானே. ஞாயித்துக்கிழமை என்ன நடக்குது?”

“ஒண்ணும் நடக்கலையே டாக்டர்.”

“வேற யாராவது எதாவது குடுக்குறாங்களா? அக்கம்பக்கத்துல?”

தெரியாது என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே கொல்லைச் சுவரில் ஒரு உடைசல் உண்டு. மழையில் விழுந்ததை கபிரியேல் கட்டவே இல்லை. “அக்கா வீட்டுக்குச் சுத்திப் போகணுமாக்கும்?” என்பார்.

மதியம் பைலட் அந்த உடைசல் வழியாகப் போனான். நான் பின்னால் போய் முருங்கை மரத்தடியில் நின்றேன்.

கபிரியேலின் அக்கா, மெற்றில்டா மைனி, சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கிண்ணம். கோழிக்கறியை எலும்பு எலும்பாக எடுத்துவிட்டு, விரலால் நசுக்கி, அவன் வாயில் ஊட்டினார். ஊட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். துபாயில் இருக்கிற மகன் போன் பண்ணாதது, மோட்டார் ரிப்பேரானது, மாதா கோவிலில் புதுச் சாமியார் வேகமாகப் பூசை வைப்பது. கபிரியேல் வந்து உட்கார்ந்திருந்தால் அவரிடம் எப்படிப் பேசுவாரோ அப்படியே.

நான் வந்தது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 8

வாந்தி இரண்டு முறை. எதிர்பார்த்ததுதான்.

செப்டம்பர் 9

மைனியிடம் நான் பேசி எட்டு மாதமாகிறது. ஜனவரியில், கபிரியேலைப் பெட்டியில் வைத்திருந்தபோது, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் மைனி நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னார்: “என் தம்பிய மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பானே. வீட்டுலயே போட்டு வச்சுக் கொன்னுட்டாளே!”

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பிறகு சொல்வதற்கு அவர் வரவில்லை, நானும் போகவில்லை.

கபிரியேலுக்குக் கணையத்தில் கட்டி. மதுரைக்குப் போனாலும் அதிகம் செய்வதற்கில்லை என்று இங்கே டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் கட்டிலில் சாய்ந்துகொண்டு, பைலட்டின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: “மதுர எல்லாம் வேண்டாம் பெப்பி. மூக்குல குழாயும் கையில ஊசியுமா கெடக்க என்னால முடியாது. இங்க இருந்தா டக் ஹார்னாவது கேக்கும். அக்காட்ட மட்டும் சொல்லிராத. அவ அழுதா நான் சரின்னு சொல்லிருவேன்.”

சொல்லவில்லை. எட்டு மாதமாகச் சொல்லவில்லை. இதில் எழுதியதும் சும்மா எழுதியதுதான்.

செப்டம்பர் 11

காலையில் பைலட் எழுந்திருக்கவில்லை. காதில் சீழ். தொட்டால் முனகுகிறான். புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சுவர் உடைசல் வழியாகப் போகவில்லை. தெருவைச் சுற்றிப் போய் வாசல் கதவைத் தட்டினேன். மைனி திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

“மைனி, பைலட்டுக்குக் கோழி ஒத்துக்கல.”

“யாரு சொன்னா?”

“டாக்டரம்மா. வேற எதுவும் குடுக்கக் கூடாதுன்னு ஒரே தீனியா போட்டுட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை நீங்க குடுக்கீங்கல்லா, மறுநாள் படாத பாடு படுதான். இன்னைக்கு எந்திரிக்கவே இல்ல.”

அவர் அப்படியே பின்னால் நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “அந்தச் சொறி... முதுகுல முடி போனது... எல்லாம் நான் குடுத்ததுனாலயா?”

எட்டு மாதமாக என் வாய்க்குள் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அவர் சொன்ன அதே வார்த்தைகள், ஆளை மட்டும் மாற்றி. அதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. அவர் கைகளைப் பார்த்தேன். விரல்களில் மஞ்சள் கறை இருந்தது. வயதான கைகள்.

“தெரியாமத்தான குடுத்தீங்க மைனி. நானும் ஆறு மாசமா கோழி பாக்கெட்டத்தான போட்டேன். டாக்டரம்மா சொல்லுத வரைக்கும் எனக்கு மட்டும் தெரியுமா?”

“எலும்பெல்லாம் எடுத்துட்டுத்தான்ளா குடுப்பேன். அவனுக்குப் பல்லு இல்லன்னு தெரியும்லா” என்றார். பிறகு அழ ஆரம்பித்தார். “ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு வேற யாரு வாரா? அவன் வாரதுனாலதான் அடுப்பே பத்த வைக்கேன்.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“நீ ஏன்ளா அன்னைக்கு ஒண்ணும் பேசல? அத்தன பேரு முன்னால நான் வாய்க்கு வந்ததச் சொன்னேன். நீ திருப்பி ஒரு வார்த்த சொல்லல. அதனாலதான் அது நெசம்னே நெனச்சேன்.”

“அவுக சொல்லக் கூடாதுன்னு சொன்னாக மைனி.”

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, டக் ஹார்ன், கடைசியாக, அக்கா அழுதால் சரி என்று சொல்லிவிடுவேன் என்றது. மைனி ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“அப்ப அவனேதான் முடிவு பண்ணினானா?”

“ஆமா.”

“நீ எட்டு மாசம் இதத் தூக்கிச் சுமந்தியா?”

அவர் எழுந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. “என்னளா இப்படி மெலிஞ்சு போய் இருக்க? சாப்பிட்டியா?”

சாப்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லை என்றேன்.

சீலா மீன் குழம்பு வைத்திருந்தார். முதலில் பைலட்டை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். சீழை எடுத்து மருந்து விட்டார்கள். திரும்பி வந்தபின்தான் சாப்பாடு. சாயங்காலம் நாலு மணிக்கு மதியச் சாப்பாடு.

செப்டம்பர் 14, ஞாயிறு

எட்டு வாரத்தை இன்றிலிருந்து புதிதாக எண்ணச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

மதியம் பைலட் வழக்கம்போல் சுவர் உடைசலுக்குப் போனான். நானும் அதே வழியில் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். மைனி கிழங்கு அவித்து வைத்திருந்தார். வீட்டில் கோழி வாசனையே இல்லை. கத்திரிக்காய்க் கூட்டு.

“கோழி வாங்கலையா மைனி?”

“அவன் பாத்துட்டு இருக்கும்போது நம்ம மட்டும் திங்கவா?”

டப்பாவைத் திறந்து கொடுத்தேன். மோந்து பார்த்தார். முகம் சுளித்தார். “இத அவன் தம்பி பாத்தா கப்பலேறி ஓடிருவான்” என்றார். என் தம்பி என்று சொல்ல வந்து வாய் குழறிவிட்டது. திருத்தவில்லை. பிசைந்து ஊட்டினார்.

செப்டம்பர் 15

திங்கள். வாந்தி இல்லை.

செப்டம்பர் 26

வெளிக்கு இரண்டு முறை, கெட்டி. காது காய்ந்துவிட்டது. கழுத்துப்பட்டையை அவிழ்த்தாயிற்று.

அக்டோபர் 4

செல்வின் கடையில் டப்பா இல்லை. கேரளாவில் மழையாம், லாரி வரவில்லை. இருப்பது நாலு நாளைக்கு மட்டும். மைனியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

“இது இருக்கு, மாட்டுக்கறி, நல்லா போகும்” என்று செல்வின் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

மைனி என் கையிலிருந்து பூதக்கண்ணாடியைப் பிடுங்கி, கடையே கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். கோவிலில் பைபிள் வாசகம் படிப்பவர் அவர். “மாட்டிறைச்சி. கோழிக் கொழுப்பு. ஏம்ப்பா, கோழிக் கொழுப்புன்னா கோழி இல்லாம வேற எங்க இருந்து வருது?”

பக்கத்தில் நாய்த் தீனி வாங்க வந்த ஒருவர் தன் கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசியில் செல்வின் திருநெல்வேலிக் கடை ஒன்றில் டப்பா இருப்பதைக் கண்டுபிடித்து பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னான். மைனி ஒரு பெட்டியாக எடுத்தால் எவ்வளவு குறைப்பாய் என்று பேரம் பேசி, ஒரு பெட்டியே சொல்லிவிட்டார். “பாதி எங்க வீட்டுல இருக்கட்டும். அவன் ரெண்டு வீட்டுக்காரன்லா” என்றார்.

அக்டோபர் 12

முதுகில் முடி முளைக்கிறது. மெல்லிசாக, குட்டியாக வந்தபோது இருந்த மாதிரி. தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 19

மைனி இரவு எங்கள் வீட்டிலேயே தங்கினார். மோட்டார் மறுபடியும் ரிப்பேர் என்று காரணம். பழைய கதைகள். கபிரியேல் சின்ன வயதில் உப்பளத்து வாய்க்காலில் விழுந்தது, என்னைப் பெண் கேட்டு வந்த அன்று அவர் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தது. அது எனக்குத் தெரியவே தெரியாது. “கவனிக்கலையா? நாங்க எல்லாரும் சிரிச்சோம்” என்றார். நான் அவர் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

பைலட் இரண்டு பேருக்கும் நடுவில் தூங்கினான். சொறியவில்லை.

நவம்பர் 1

டாக்டர் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கோழிதான் எதிரின்னு தெரிஞ்சிடுச்சு. இன்னும் ஒரு வாரம் போகட்டும். அப்புறம் மீனைத் தனியா குடுத்துப் பாக்கலாம். அது ஒத்துக்கிட்டா மீன் மட்டும் போட்ட டப்பா இதை விட மலிவாவே கிடைக்கும்மா” என்றார்.

“நோட்டு?” என்று கேட்டேன்.

“எனக்கு இனிமே வேண்டாம்” என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மைனி விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு, சம்பங்கியும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்திருந்தார். பைலட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றேன்.

“ஏன், அவனுக்கு மட்டும் அங்க ஆள் இல்லையா?” என்றார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்ற காவல்காரர் தடுத்தார். “அம்மா, நாயெல்லாம் உள்ள விட முடியாது.”

“எங்க தம்பி கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன் இவன். இவன் வரக் கூடாதுன்னா நாங்களும் வரல. இந்தா, நீயே போயி கொளுத்தி வச்சிட்டு வா” என்று மெழுகுவர்த்திகளை அவர் கையில் திணித்தார் மைனி. பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. காவல்காரர் மெழுகுவர்த்திகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

மூன்று பேரும் உள்ளே போனோம். ஜனவரிக்குப் பிறகு நான் தனியாக வந்திருக்கிறேன். மைனியும் தனியாக வந்திருக்கிறாராம். ஒருவர் வைத்த பூவை இன்னொருவர் பார்த்து, யார் வைத்தது என்று கேட்காமலே போயிருக்கிறோம்.

பைலட் சுற்றி மோந்துவிட்டு, கல்லோரத்து நிழலில் படுத்தான். நான் கல்லைக் கழுவினேன். மைனி பூ வைத்தார். இரண்டு பேரும் செபமாலை சொன்னோம். முடித்தபின் மைனி எழுந்திருக்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டார்:

“ஏல கபிரியேலு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லால. நான் என்ன உன்னைய மதுரைக்கு வலுக்கட்டாயமா இழுத்துட்டா போயிருப்பேன்?”

கடல் காற்றில் ஒரு மெழுகுவர்த்தி அணைந்தது. கையைக் குவித்து மறைத்து அதை மறுபடி கொளுத்தினார். சுடர் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா” என்றார். “இழுத்துட்டுத்தான் போயிருப்பேன்.”

நான் சிரித்துவிட்டேன், கல்லறைத் தோட்டத்தில், வாய்விட்டு. அவரும் சிரித்தார். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கபிரியேல் போனபின் நான் அழுதது இதுதான் முதல் தடவை. மைனி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, “அழு, நல்லா அழு, யாரு என்ன சொல்லப் போறா” என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மெழுகுவர்த்திகள் தீரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.